வழிகாட்டியின் தலையசைப்பு

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த வாசலிலும் போய்க் கைகட்டி நின்றதில்லை. மற்றவர்கள்தான் எங்கள் வாசலுக்கு வருவார்கள். கல்லூரிக்காரரும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார், வருடா வருடம், ஒரு கேடயத்தைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு.

நர்ஸிங் கல்லூரியில் மேற்படிப்பு மாணவிகளுக்குப் பயிற்சி இடம் தேடிக் கொடுப்பது அவருடைய வேலை. அந்த மாணவிகள் ஏற்கனவே நர்ஸுகள்தான். இந்தப் படிப்பையும் முடித்துவிட்டால் டாக்டர் இல்லாத இடங்களில் தாங்களே நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதலாம். அதற்கு முன்னால் அனுபவப்பட்ட ஒருவரின் பக்கத்தில் இருந்து கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பழக வேண்டும். அப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறவருக்குத்தான் வழிகாட்டி என்று பெயர். சம்பளம் கிடையாது. ஒரு நோயாளிக்கு ஆகும் நேரம் இரட்டிப்பாகும். மாணவி ஏதாவது பிசகினால் பழி வழிகாட்டியின் தலையில். கடைசியில் 'இவள் தேறிவிட்டாள்' என்று வழிகாட்டி சொன்னால்தான் கல்லூரி பட்டம் கொடுக்கும்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடிடலாம் ஐயா. இந்தப் பொண்ணுங்களுக்கு வழிகாட்டி தேடித் தேடியே என் முடியெல்லாம் போச்சு" என்று அவர் தலையைத் தடவிக் காட்டுவார். இந்த வேலைக்கு வந்தபோதே அவருக்கு முடி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

என் தங்கையும் நர்ஸாக இருந்து அந்தப் படிப்பை முடித்தவள், அப்படிப்பட்ட ஒரு வழிகாட்டி. ஊரிலேயே அவளுக்குத்தான் மதிப்பு அதிகம். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள். வீட்டின் முன்பகுதி இரண்டு அறைகளில் அவளுடைய கிளினிக். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதை நானே எடுத்துக்கொண்டேன். வெளியாளைப் போட்டால் வீட்டுப் பேச்சு தெருவுக்குப் போகும். அவள் வாங்கிய கேடயங்கள் என் தலைக்கு மேலே வரிசையாக இருந்தன. நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் அவற்றைப் படிப்பார்கள். அவர்கள் படிப்பதைப் பார்க்கும்போது என் முதுகு தானாகவே நிமிரும்.

இந்த முறை கல்லூரிக்காரர் கேடயத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"குழந்தைங்க ஆஸ்பத்திரி அம்மா என் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்குறதில்ல. மார்க்கெட் பக்கத்து கிளினிக் அம்மா கும்பிட்டு அனுப்பிட்டாங்க. ஒரு பொண்ணுக்கு மட்டும் இடம் கிடைக்கலை. அவளுக்கு இந்த வருஷம் போயிடும் ஐயா. கொஞ்சம் பயந்த சுபாவம். உங்க தங்கச்சி கையில விட்டா தேத்திடுவாங்க."

"அனுப்புங்க" என்றேன். "எங்க வீட்டுல இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை."

உள்ளே அவளிடம் போய்க் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அண்ணன் சொன்னால் அவள் சொன்ன மாதிரி.

"அப்புறம், பாராட்டு விழா வருது, அங்கேயும் ஒரு பெரிய கேடயம் இருக்கு. இந்தத் தடவை மேடையில அவங்க நாலு வார்த்தை பேசணும். ஊர்ல இருக்குற சீனியர் நர்ஸுங்க எல்லாரும் வருவாங்க. இவங்க பேசுனா நாலு பேராவது வழிகாட்டியா வர ஒத்துக்குவாங்க. நான் பேசுனா எழுந்து டீ குடிக்கப் போயிடுறாங்க."

அதற்கும் சரி என்றேன்.

பழைய மாணவி போய்விட்டாள். புதியவள் வர இன்னும் சில நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் எனக்குள் ஏதோ உறுத்த ஆரம்பித்தது.

என் தங்கையின் வழி இதுதான். மாணவி முதலில் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். கேட்டதை அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு என் தங்கை அதே இடத்தில் தன்னுடையதை வைத்துக் கேட்பாள். ஒருமுறை தலையசைப்பாள். அந்தத் தலையசைப்புக்காக மாணவிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நோயாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லூரியில்கூட அதைப் பெருமையாகச் சொல்வார்களாம்: அந்த அம்மா முதலில் தான் கேட்டுவிட்டுச் சொல்லித்தர மாட்டார், நம் காதை நம்புவார் என்று.

மாணவி இல்லாத அந்த நாட்களில், நெஞ்சில் சளி என்று வந்தவர்கள் எல்லாரும் சீக்கிரமே வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்.

"என்ன பெரியவரே, உங்க தங்கச்சி ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாங்களா?" என்றார் எதிர்க்கடை தையல்காரர். "இருமலுக்கு வந்தேன். தொட்டுக்கூடப் பார்க்கலை."

"கவனமா இருக்கான்னு அர்த்தம்" என்றேன்.

"அப்படியா? போன மாசம் இதே இருமலுக்கு அந்தச் சின்னப் பொண்ணு கேட்டுச்சு, இவங்க தலையாட்டுனாங்க, மருந்து கொடுத்தாங்க. சரியாப் போச்சு. இப்ப மட்டும் என்ன கவனம்?"

நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மதியச் சாப்பாட்டின்போது என் மனைவி ஒன்று சொன்னாள். அவளுக்கும் என் தங்கைக்கும் அவ்வளவாக ஒட்டாது. அதனால் முதலில் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்க தங்கச்சிக்கு இப்பல்லாம் என் மேல பாசம் பொங்குது. நான் வாயைத் திறந்தா என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்குறா. இத்தனை வருஷத்துல நான் பேசும்போது டிவியைத்தான் பார்ப்பா."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா முதுகுப் பக்கம் நின்னு பேசுனா ராணி மாதிரி திரும்பாம போறா. அது எந்த வகைப் பாசம்?"

ரசத்தில் உப்பில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன். உப்பு இருந்தது.

அதற்குப் பிறகு நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது கிடையாது. இருந்தாலும் பார்த்தேன். போன் மணியடித்தால் அவள் போனைப் பார்க்க மாட்டாள். எங்கள் முகத்தைப் பார்ப்பாள். நாங்கள் திரும்பினால் அவளும் திரும்புவாள். பரிசோதனை அறையில் நோயாளியின் நாற்காலி முன்பு பக்கவாட்டில் இருக்கும். இப்போது ஜன்னல் வெளிச்சம் நோயாளியின் முகத்தில் விழும்படி நேரெதிரே போட்டிருந்தாள். எப்போது மாற்றினாள் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் அந்த அறையைக் கடந்து போகிறவன் நான்.

புதிய மாணவி வந்தாள். வெளுத்த முகம், பெரிய பை. எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பாள். நோயாளிகள் அவளுக்கு அதையே பேராக வைத்துவிட்டார்கள். "சரிங்கமேடம் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் டோக்கன் வாங்குவார்கள். அவள் வந்த அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது நின்றுவிட்டது. மறுபடியும் இருமல்காரர்கள் சிரித்துக்கொண்டு மருந்துச் சீட்டோடு வெளியே போனார்கள்.

அவர்கள் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். வீட்டில் சொல்லவில்லை. தலைமகன் மூச்சு வாங்குகிறான் என்று நாலு பேர் பேசுவது எனக்குப் பிடிக்காது. வெளியூரில் ஓர் இதய டாக்டரிடம் போய்க் காட்டினேன். உள்ளே ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார். அங்கே படித்துக்கொண்டிருந்த பையன்களை வரிசையாக அழைத்து என் நெஞ்சில் கேட்கச் சொன்னார். "இதைத் தவற விட்டீங்கன்னா வேற வேலை தேடிக்கங்க" என்று அவர்களிடம் சிரித்தார். ஒருவரும் தவற விடவில்லை.

ஒரு காலை, கடைசி நோயாளி போன பிறகு, நானே உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணா?" என்றாள் தங்கை, என் வாயைப் பார்த்து.

"லேசா இருமல். பாரு."

"நீ முதல்ல கேளு" என்றாள் மாணவியிடம்.

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். மாணவியின் கை சில்லென்று இருந்தது. அவள் வைத்தாள், எடுத்தாள், வேறிடத்தில் வைத்தாள், மறுபடி முதல் இடத்துக்கே வந்தாள். அவள் கண் ஒரு நொடி என் கண்ணைச் சந்தித்தது. பிறகு என் தங்கையைப் பார்த்தது.

"நார்மல் மேடம்" என்றாள்.

என் தங்கை ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். வட்டை என் நெஞ்சில் வைத்தாள். சரியான இடம்தான். கண்ணை மூடிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். இத்தனை வருடம் ஊர் நம்பிய முகம்.

தலையசைத்தாள். "சுத்தமா இருக்கு அண்ணா. வெந்நீர் குடிங்க."

நான் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

மாணவி வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டருகே அவளை நிறுத்தினேன். "ஏம்மா, என் நெஞ்சுல ஏதாவது கேட்டுச்சா? பயப்படாம சொல்லு."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கேட்டுச்சு ஐயா. ஒவ்வொரு துடிப்புக்கும் உஸ்ஸு உஸ்ஸுன்னு. எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. தப்பாச் சொல்லி மாட்டிக்கக் கூடாதேன்னு நார்மல்னு சொன்னேன். மேடம் திட்டித் திருத்துவாங்கன்னு நெனச்சேன்." முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது. "அவங்களே சரின்னுட்டாங்க. அப்ப அந்தச் சத்தம் நல்ல சத்தம்தான் ஐயா. இனிமே மறக்க மாட்டேன்."

அவள் சாலையைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தத்தை ஆரோக்கியத்தின் சத்தம் என்று காதில் ஏந்திக்கொண்டு போகிறாள். நாளை எந்த ஊரில், யார் நெஞ்சில் அதைக் கேட்டு, தலையசைத்து, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்புவாளோ.

மாலையில் கிளினிக் கதவைச் சாத்திவிட்டுத் தங்கையின் எதிரே உட்கார்ந்தேன். சத்தமே எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தேன்: "உனக்குக் காது எப்போ போச்சு?"

"என்ன அண்ணா திடீர்னு இப்படிக் கே..." என்று ஆரம்பித்தவள் நின்றாள். என் தொண்டையைப் பார்த்தாள். நான் குரலே கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு" என்றாள். "முதல்ல நெஞ்சுச் சத்தம். அப்புறம் கதவு, போன். காதுல மெஷின் வச்சுப் பார்த்தேன். அதுல எல்லாம் இரைச்சல்."

"யார்கிட்டயும் சொல்லலை."

"சொல்லி? பிள்ளைங்களுக்கு நல்லாக் கேக்குது அண்ணா. அவங்க சொல்றதை வச்சு என்ன வியாதி, என்ன மருந்துன்னு எனக்குத் தெரியாதா? என் மூளைக்கு என்ன கேடு? வந்தவங்க எல்லாரும் கெட்டிக்காரிங்க. ஒண்ணும் ஆகலை."

"ஆகலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தலை நிமிர்ந்தாள். எங்கள் அப்பாவின் நிமிர்வு. "நீங்கதானே சொல்வீங்க, வீட்டு விஷயம் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு. தாண்டலை. விழா முடியட்டும். இந்தப் பொண்ணும் முடிச்சுட்டுப் போகட்டும். அப்புறம் வயசாச்சுன்னு சொல்லி மரியாதையா மூடிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நான் சட்டையைத் திறந்தேன். அவள் கையைப் பிடித்து உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்தேன்.

அவள் முகம் மாறிய விதத்தை நான் யாருக்கும் விவரிக்க மாட்டேன். உள்ளே அதிர்வது அவள் உள்ளங்கையில் தட்டியது. காது வேண்டாம் அதற்கு.

"கையை வச்சாலே தெரியுதே" என்றாள். "நான் கையைக்கூட வைக்கலையே அண்ணா. அவ நார்மல்னா. நான்..."

"இன்னும் எத்தனை பேருக்குக் கையை வைக்கலை?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அன்று இரவு அவள் சாப்பிட வரவில்லை. என் மனைவி முதல்முறையாக அவளைப் பற்றி ஒரு கிண்டலும் செய்யாமல் தட்டை மூடி வைத்தாள்.

விழா நாளன்று கல்லூரிக்காரரே காரோடு வந்தார். தங்கை உள்ளே உடைமாற்றிக்கொண்டிருந்தாள். வருவாளா என்றே எனக்குத் தெரியவில்லை. என்னோடு அவள் பேசவில்லை. அவரைக் கேட்டுக்கு வெளியே அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்வதற்கு என் நாக்கு எப்படிப் புரண்டது என்று எனக்கே தெரியாது. எங்கள் குடும்பத்தைப் பற்றி வெளியாளிடம் நான் சொன்ன முதல் குறை அது.

அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். அவர் தெருவின் இருபக்கமும் பார்த்தார்.

"ஐயா, நீங்க எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை."

"என்ன பேசுறீங்க?"

"அவங்க தேத்தி அனுப்புன பிள்ளைங்க எங்கெங்க உக்காந்திருக்காங்க தெரியுமா? எங்க கல்லூரியிலேயே ரெண்டு பேர் பாடம் நடத்துறாங்க. இன்னைக்கு நீங்க வாயைத் திறந்தா அத்தனை பேர் பட்டத்தையும் கிண்டுவாங்க." அவர் என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாக இருந்தது. "உங்க குடும்பப் பேர் வேற இருக்கு. யோசிங்க. பேசிட்டு, கேடயத்தை வாங்கிட்டு வரட்டும். இதுக்கு மேல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று அப்போதுதான் தோன்றியது. ஏன் கெட்டிக்காரிகளாகப் பார்த்து இங்கே அனுப்பினார்? இந்த வருடம் கெட்டிக்காரிகள் தீர்ந்துவிட்டார்களா? நான் கேட்கவில்லை. தங்கை வெளியே வந்தாள். வெள்ளைக் கோட்டு கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் எனக்கு இடம். என்னருகே மாணவி, சரிங்கமேடம், முகம்கொள்ளாப் பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். தங்கைக்குக் கேடயம் கொடுத்தார்கள். கைதட்டல் மண்டபத்தையே அதிர வைத்தது. அவள் எல்லார் கைகளையும் பார்த்துக்கொண்டே நின்று, அவை தட்டுவதை நிறுத்தியதும் வணங்கினாள். மைக் முன்னால் வந்து அழகாகப் பேசினாள். வழிகாட்டியின் பெருமை, கற்றுக்கொடுப்பதன் நிறைவு. மனப்பாடம் செய்த பேச்சு. சீனியர் நர்ஸுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கல்லூரிக்காரர் மேடையோரம் நின்று வியர்வையை ஒற்றிக்கொண்டார். ஆபத்து கடந்துவிட்டது என்ற தெளிவு அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

மண்டபத்தின் அந்தப் பக்கம் விளக்கு மங்கல். அவள் வாய் தெரியவில்லை. என் தங்கை அந்தப் பக்கம் ஒரு புன்னகையைத் திருப்பினாள். பிறகு அவள் கண் முன்வரிசைக்கு வந்து என் உதட்டில் நின்றது.

கேள்வி எனக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது. எளிய கேள்வி: மாணவி கேட்டது தப்பு என்று தோன்றினால் நோயாளி முன்னாலேயே எப்படித் திருத்துவீர்கள்? நான் உதட்டை அசைத்தால் போதும். அவள் படித்துக்கொள்வாள். பதிலும் நன்றாகச் சொல்வாள். மண்டபம் கைதட்டும். கார் எங்களை வீட்டில் இறக்கிவிடும். எங்கள் பெயருக்கு ஒரு கீறல்கூட விழாது.

என் பக்கத்தில் மாணவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

தங்கை காத்திருந்தாள். மண்டபம் காத்திருந்தது. கல்லூரிக்காரர் இரண்டடி முன்னால் வந்தார், "மேடத்துக்கு மைக்..." என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் முதலில் கெஞ்சல், பிறகு கோபம் வந்தது. பிறகு இரண்டும் போய்விட்டன. அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் மைக்கில். "எனக்குக் காது கேக்காது. நோயாளி நெஞ்சுச் சத்தம் கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. என்கிட்ட படிச்ச பிள்ளைங்க யாரையும் நான் திருத்தலை. தலையை மட்டும் ஆட்டினேன்."

யாரோ ஒருவர் நாற்காலியை நகர்த்தும் ஓசை மட்டும் கேட்டது. என் முதுகு நாற்காலியில் சாயாமல் நேராகவே இருந்தது; எங்கள் வீட்டுப் பெண் பேசும்போது வேறெப்படி உட்காருவது?

நடு வரிசையில் என் தங்கையின் பழைய மாணவிகளில் ஒருத்தி இருந்தாள். இப்போது சொந்தக் கிளினிக் வைத்திருப்பவள், அவளும் வழிகாட்டியாகிவிட்டாள். அவளுக்கு இரண்டு பக்கமும் அவளுடைய மாணவிகள். அவள் கை தானாக எழுந்து தன் காதைத் தொட்டது. மாணவிகள் இருவரும் மேடையைப் பார்க்கவில்லை. என்ன நினைப்பது என்று தெரிந்துகொள்ள அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.